என் காதுக்குக் கிடைக்காத மின்சாரம்

பாரிசவாதம் வந்த அன்று நான் நல்லூரில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வெண்பலகையில் பென்சீன் வளையத்தின் ஆறு பக்கங்களில் நான்கைக் கீறி முடித்தபோது மார்க்கர் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன். விரல்கள் மார்க்கரைத் தொட்டன, பிடிக்கவில்லை. முன் வாங்கில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். என் வாய் ஒரு பக்கமாகப் போனதைக் கண்டதும் அவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

அப்போது எனக்கு ஐம்பத்திநாலு வயது. ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை கிடந்தேன். பேச்சு திரும்பியது. இழுத்து இழுத்தாவது நடக்க வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. முழங்கையில் மடிந்து, விரல்கள் உள்ளே சுருண்டு, நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. சட்டை போடும்போது அந்தக் கையை முதலில் விடவேண்டும், கழற்றும்போது கடைசியாக எடுக்கவேண்டும் என்று என் மனைவி ஒரே நாளில் பழகிக்கொண்டாள். நான் பழக மாதங்கள் எடுத்தன.

மருதனார்மடம் சந்தைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு வாடகை வீட்டில் பாரிசவாதக்காரர்களுக்கான பயிற்சி நிலையம் ஒன்று நடந்தது. கிழமையில் மூன்று நாள் கொக்குவிலில் இருந்து பஸ் எடுத்துப் போவேன். முன் அறையில் நீண்ட மேசை. மேசையில் துளை போட்ட பலகைகள், மர முளைகள், பிளாஸ்டிக் கோப்பைகள், துணி காயப்போடும் கிளிப்புகள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மனிதர்கள் பாலர் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக இருந்து, முளையை எடுத்துத் துளையில் வைப்பார்கள். பயிற்சி தருகிற பெண்ணை நாங்கள் எல்லோரும் பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். டொக்டர் புதன்கிழமைகளில் மட்டும் வருவா. தெற்கிலிருந்து வந்த சிங்களப் பெண். "சுகமா? சாப்பாடு சரியா?" என்ற அளவுக்குத் தமிழ் தெரியும். அதற்கு மேல் வேண்டியதைப் பிள்ளை மொழிபெயர்ப்பாள். நான் மட்டும் டொக்டரோடு நேரே ஆங்கிலத்தில் கதைப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. மேசையில் மற்றவர்கள் வாய் பார்த்திருக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே கதைப்பேன்.

எனக்குப் பக்கத்துக் கதிரை மயிலிட்டியிலிருந்து வருகிற ஒரு கடற்றொழிலாளிக்கு. என்னிலும் மூன்று வயது மூத்தவர். ஊரை விட்டு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் முகாமிலும் பிறத்தியார் காணியிலும் இருந்துவிட்டு, இராணுவம் கரையைத் திறந்துவிட்ட பிறகு திரும்பிப் போய், கடன்பட்டு ஒரு படகு வாங்கி, அதில் மூன்று வருடம்கூட ஓடி முடியவில்லை. படுத்திருந்து எழும்பும்போது வாதம் வந்ததாம். அவருக்கும் வலது பக்கம். அவருக்கும் கை.

"மாஸ்டர், எங்கள் ரெண்டு பேரையும் ஒரே ஆள் அடிச்சுப் போட்டிருக்கிறான்" என்றார் முதல் நாளே. "அடையாளம் ஒண்டாக் கிடக்கு."

எனக்கு அவரைப் பிடித்தது. அதற்குக் காரணம், அந்த முதல் மாதத்தில் நான் அவரைவிட முன்னுக்கு நின்றேன். எனக்கு ஐந்து முளை போகும், அவருக்கு இரண்டு போகும். "எப்பிடிச் செய்தனீங்கள் மாஸ்டர்?" என்று கேட்பார். "தோளைத் தூக்காதேங்கோ அண்ணை, முழங்கையிலை இருந்து வாங்கோ" என்று வகுப்பெடுப்பேன். அவர் அப்படியே செய்வார். என் வகுப்புகளை என்னிடம் படித்த ஒருவன் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. யாருக்காவது ஏதாவது சொல்லிக்கொடுக்கக் கிடைத்ததே என்று இருந்தது.

காதுக் கருவியைப் பற்றி முதலில் வாசித்தது நான்தான். அதை இன்றைக்கும் சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. இடது கைப் பெருவிரலால் போனைத் தடவித் தடவி, பாரிசவாதத்துக்கு உலகத்தில் எங்கே என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்படித்தான் கண்ணில் பட்டது. மூளையிலிருந்து கழுத்து வழியாக இருதயத்துக்கும் வயிற்றுக்கும் போகிற வேகஸ் நரம்பின் ஒரு சின்னக் கிளை காதின் தோலுக்கு வருகிறது. வெட்டாமல், ஊசி போடாமல், காதில் ஒரு கிளிப்பை மாட்டி மெல்லிய மின்சாரம் விட்டு அந்த நரம்பைத் தட்டுகிறார்கள். நோயாளி கையை அசைக்கப் பாடுபடுகிற அதே நேரத்தில் தட்டினால், அந்த அசைவை மூளை கெதியாகப் பிடித்துக்கொள்ளக்கூடும் என்று சொல்கிறார்கள்.

அடுத்த புதன்கிழமை டொக்டரிடம் கேட்டேன். அவவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "இன்னும் முழுதாக நிரூபணமாகவில்லை. சிலருக்கு உதவுகிறது போலிருக்கிறது. ஆனால் பயிற்சி இல்லாமல் கருவி மட்டும் ஒன்றும் செய்யாது" என்றா. இரண்டு மாதம் கழித்து, முறைப்படி அனுமதி எடுத்து, ஒரு கருவியைக் கொண்டுவந்தா. மேசையிலிருந்த எல்லோருக்கும் முன்னால் எனக்கு நன்றி சொன்னா. நான் கேட்டதால்தான் தானும் முயன்று பார்த்ததாக.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம், "வாற மாசம் திரும்பிப் படிப்பிக்கப் போறன்" என்றேன்.

கருவியைப் போடுவதற்கு முன் எல்லோருக்கும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டொக்டர் என் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தா. என் இருதயம் மெதுவாகத் துடிக்கிறது, அதன் மேலறையிலிருந்து கீழறைக்குச் செய்தி போவதிலும் ஒரு தாமதம் இருக்கிறது. இந்த நரம்போ இருதயத்தின் வேகத்தை இன்னும் குறைக்கக்கூடியது. உங்களுக்குப் போட முடியாது, மன்னிக்கவேணும் என்றா. நான் வாதாடினேன். வாசித்ததையெல்லாம் சொன்னேன். அவ கடைசிவரை கேட்டுவிட்டு, முடியாது என்று திரும்பவும் சொன்னா.

மயிலிட்டிக்காரரின் தாள் வடிவாக இருந்தது. அவருக்குப் போட்டார்கள்.

கருவி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதிலிருந்து ஒரு மெல்லிய வயர். வயரின் முனையில் ஒரு கிளிப். அதை அவருடைய இடது காதின் உட்குழியில் மாட்டுவார்கள். அவர் முளைக்குக் கையை நீட்டும்போதெல்லாம் பிள்ளை ஒரு பொத்தானை அழுத்துவாள். எனக்கும் அவருக்கும் இடையில் இரண்டு அடி தூரம்கூட இல்லை. என் முளையைப் பார்க்க என்னால் முடியவில்லை. அந்தக் காதையே பார்த்தேன். வெயிலில் கறுத்து, ஓரத்தில் வெடித்து, உள்ளே நரை மயிர் முளைத்த காது. அந்தக் காதில் என் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. நான் தேடி, நான் வாசித்து, நான் கேட்டு வாங்கியது. அவருக்கு அந்த நரம்பின் பெயர்கூடச் சொல்ல வராது.

மூன்றாவது கிழமை அவருக்கு ஏழு முளை போனது. எனக்கு ஆறு.

அதற்குப் பிறகு நான் என் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவருடைய கையைக் கணக்கெடுக்கத் தொடங்கினேன். அவர் முளையைத் தவறவிட்டால் என் நெஞ்சு லேசாகும். வைத்துவிட்டால் அன்று பின்னேரம் முழுக்க வீட்டில் எரிந்து விழுவேன். அவருடைய மனைவி எங்களுக்கென்று ஒருநாள் நெத்தலிக் கருவாடு கொடுத்துவிட்டிருந்தா. எனக்கு வேண்டாம் என்றேன். என் மனைவி அதைப் பொரித்தாள்.

"நல்ல கருவாடு. ஏன் சாப்பிடுறியள் இல்லை?"

"அவருக்கு என்ன, கருவாடும் இருக்கு, கருவியும் இருக்கு."

அவள் தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு அந்த மனிசனிலை என்ன கோவம்?"

"கோவம் ஒண்டுமில்லை" என்றேன். அது பொய்யில்லை. கோபமாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒரு புதன்கிழமை அவர் தேத்தண்ணிக் கோப்பையை வலது கையால் தூக்கி, வாய்க்குக் கொண்டுபோய், ஒரு சொட்டும் சிந்தாமல் ஒரு மிடறு குடித்தார். அறையிலிருந்த எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்ட முடியாதவர்கள் மேசையில் தட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் என் பக்கம் திரும்பி, கண் கலங்க, "மாஸ்டர், நீங்கள் கேட்டபடியால்தானே இது வந்தது" என்றார். அந்த நன்றியையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்று பிள்ளை உள் அறையில் ஒரு புது நோயாளியோடு நின்றாள். டொக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்கவேண்டியிருந்தது. என்னைப் பார்த்து, நீங்கள் மொழிபெயர்த்து உதவுவீர்களா என்றா. ஓம் என்றேன்.

தலையிடி, மயக்கம், நெஞ்சுப் படபடப்பு ஏதாவது உண்டா என்று கேட்டா.

நான் தமிழில் கேட்டேன். அவர் யோசித்தார். "நேற்று பஸ்ஸாலை இறங்கேக்கை ஒருக்காத் தலை சுத்தினது. காலமை சாப்பிடேல்லை, அதுதான். தண்ணி குடிச்ச உடனை சரியாப் போச்சு. வேறை ஒண்டும் இல்லை."

நான் டொக்டரிடம் திரும்பி, அவருக்கு இரண்டு தரம் மயக்கம் வந்திருக்கிறது, ஒருதரம் பஸ்ஸிலிருந்து விழப் பார்த்தார் என்றேன். சாப்பிடாததைச் சொல்லவில்லை. தண்ணீரையும் சொல்லவில்லை. முன்கூட்டி நினைத்துவைத்த பொய் இல்லை அது. ஆனால் வாய் தடுமாறவும் இல்லை. வகுப்பில் விளக்கம் சொல்வதுபோல் சரளமாக வந்தது.

டொக்டரின் முகம் மாறியது. கருவியை உடனே நிறுத்தவேண்டும், இருதயத்தைத் திரும்பப் பரிசோதிக்கவேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருகிறேன் என்றா. நான் அவரிடம் சொன்னேன்.

"காதுக் கருவியை நிப்பாட்டச் சொல்லுறா. உங்கடை இருதயத்தைப் பாக்கவேணுமாம்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "என்ரை இருதயத்திலை என்ன மாஸ்டர்?"

"எனக்குத் தெரியேல்லை."

அவரே இடது கையால் கிளிப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு யன்னலோரம் இடம் கிடைத்தது. சந்தோஷமாக இருந்தேன். இதை மழுப்ப விரும்பவில்லை. பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாக வெளியே பார்த்துக்கொண்டு போனேன்.

அடுத்த கிழமை அவர் வரவில்லை. பிள்ளை என்னோடு கூடுதல் நேரம் நின்றாள். எனக்கு எட்டு முளை போனது. அதற்கடுத்த கிழமையும் கதிரை வெறுமையாக இருந்தது. "போன் எடுத்துப் பாத்தனீங்களோ?" என்று பிள்ளையைக் கேட்டேன்.

"எடுத்தனான் மாஸ்டர். அவற்றை மனிசிதான் கதைச்சவ. ஆள் படுத்த படுக்கையாம். கையைக் காலை அசைச்சா இருதயம் நிண்டுபோயிடும் எண்டு பயந்துபோய்க் கிடக்கிறாராம். ஆஸ்பத்திரிக்கும் போகேல்லை. கடிதம் அப்பிடியே கிடக்காம்." அவள் என் முளைப் பலகையை நேராக வைத்தாள். "விரலெல்லாம் திரும்பச் சுருண்டிட்டுதாம்."

அன்று நான் ஒரு முளையும் வைக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

வீட்டில் என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தவள், மடித்து முடித்துவிட்டு, "நாளைக்குப் போங்கோ. நான் வரமாட்டன். நீங்கள்தான் போகவேணும்" என்றாள்.

மறுநாள் காலை காங்கேசன்துறைப் பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து ஓட்டோ பிடித்தேன். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. சுவருக்கு இன்னும் பூச்சில்லை. முற்றத்தில் வலை குவிந்து கிடந்தது. அவருடைய மனைவி என்னைக் கண்டதும் உள்ளே பார்த்துச் சத்தம் போட்டா. "இஞ்சேருங்கோ, ஆர் வந்திருக்கிறார் எண்டு பாருங்கோ! மாஸ்டர்!" எனக்குக் கதிரை போட்டு, துணியால் துடைத்து, தேத்தண்ணி போட ஓடினா.

அவர் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். வலது கையைத் துவாய்த் துண்டால் சுற்றி வயிற்றில் வைத்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. எழும்பப் பார்த்து, பிறகு பயந்து படுத்துக்கொண்டார்.

"மாஸ்டர், உங்களுக்கும் இருதயம், எனக்கும் இருதயம். இனி ரெண்டு பேரும் ஒண்டுதான்" என்று சிரிக்கப் பார்த்தார்.

தேத்தண்ணி வந்தது. நான் தொடவில்லை. "அண்ணை, உங்களுக்கு இருதயத்திலை ஒண்டும் இல்லை" என்றேன். "நான் டொக்டருக்குப் பொய் சொன்னனான். ரெண்டு தரம் மயங்கினதெண்டு சொன்னனான். சாப்பிடாததைச் சொல்லாமல் விட்டனான்."

அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. மனைவி சுவரோடு சாய்ந்து நின்றா.

"ஏன் மாஸ்டர்?"

"பொறாமை."

"எதிலை?"

"உங்கடை கையிலை."

அவர் துவாய்க்குள் கிடந்த கையைக் குனிந்து பார்த்தார். அதில் யாராவது பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று தேடுவதுபோல் பார்த்தார். மனைவிதான் முதலில் வாய் திறந்தா. சத்தம் போடவில்லை.

"ரெண்டு கிழமை, மாஸ்டர். இந்த மனிசன் மூச்சு விடவே பயந்து கிடந்தது. வாளியிலை மூத்திரம் எடுத்தனான். நீங்கள் படிச்ச ஆள் எண்டுதானே உங்களை நம்பினது. கடன்காரர் வந்து கேக்கேக்கைகூட, எங்கடை மாஸ்டர் ஒருத்தர் இருக்கிறார், அவர் டொக்டரோடை இங்கிலிஸிலை கதைச்சு எல்லாம் செய்துதருவார் எண்டு சொல்லுவார்."

"எழும்பிப் போங்கோ மாஸ்டர்" என்றார் அவர். என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். போனேன்.

அடுத்த புதன்கிழமை டொக்டரிடமும் சொன்னேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன், இந்தத் தடவை சரளமாக வரவில்லை. அவ பேனாவை மூடிவைத்தா. இனி எந்த நோயாளியும் இன்னொரு நோயாளிக்கு மொழிபெயர்க்கக்கூடாது, அது தன்னுடைய பிழையும்தான் என்றா. பிள்ளைக்கு அடக்க முடியவில்லை. "எப்பிடி மாஸ்டர் உங்களுக்கு மனசு வந்தது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளே அன்று பின்னேரம் மயிலிட்டிக்குப் போய், அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஈ.சி.ஜி. முன்னைப்போலவே இருந்தது.

அவர் திரும்பி வந்தார். மேசையின் மற்ற அந்தத்தில் இருந்தார். முதல் நாள் மூன்று முளை. கருவியைத் திரும்ப மாட்டினார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. பிள்ளை அந்தப் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு தரமும் என் இடது காது சூடாகும். ஒன்று மட்டும் மாறியது. அதைச் சுமந்துகொண்டே என் முளைகளை நான் வைக்கப் பழகினேன். கணக்கெடுப்பதை விட்டேன் என்று சொல்லமாட்டேன். மெல்லக் குறைந்தது.

கிட்டத்தட்ட இரண்டு மாதம் அவர் என்னோடு கதைக்கவில்லை. ஒருநாள் நான் அந்தக் கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டுவிட்டேன். அவர் நேராக என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன். பயிற்சி முடிந்து எல்லோரும் எழும்பியபோது என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எப்பிடி இருக்குமெண்டு தெரியவேணுமோ?"

நான் மேசையில் கிடந்த முளைகளை ஒன்றுசேர்த்தேன்.

"எறும்பு ஊருற மாதிரி, மாஸ்டர். சின்ன எறும்பு. கொஞ்ச நேரத்திலை அதுவும் தெரியாது. அவ்வளவுதான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் கதைச்சதை எங்கடை வீட்டிலை சொல்லிப்போடாதேங்கோ. அவ இன்னும் உங்களிலை சரியான கோவம்."

இப்போது அவர் மைத்துனரோடு கரைக்குக் கிட்டக் கடலுக்குப் போகிறார். என்ஜின் கயிற்றை வலது கையால் பிடித்து, இடது கையை மேலே வைத்து இழுக்கிறாராம். அது கருவியால் வந்ததா, பயிற்சியால் வந்ததா, அவருடைய பிடிவாதத்தால் வந்ததா என்று டொக்டரைக் கேட்டேன். ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது என்றா. எனக்கு அந்தப் பதில் போதவில்லை. நான் வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்கு இருந்தபடி வகுப்பெடுக்கிறேன். மார்க்கரைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே செருகிப் பிடித்து எழுதுவேன். எழுத்துகள் பெரிதாக, கோணலாக விழும். பிள்ளைகள் பொறுத்திருந்து எழுதிக்கொள்கிறார்கள்.

போன மாதம் மருதனார்மடம் சந்தியில் அவரைக் கண்டேன். மாதாந்தப் பரிசோதனைக்கு வந்திருந்தார். கையில் ஒரு பை. அதிகம் கதைக்கவில்லை, வெயிலைப் பற்றி ஏதோ சொன்னார். அவருடைய பஸ் வந்தது. பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார். பஸ் மறையும் வரைக்கும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல பிடி.